பெல்லாரிச் சீமையின் 533 பள்ளிகள்

அயல்மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்ப் பெற்றோர் இருவர் சந்தித்தால், உத்தியோகத்தையும் வீட்டு வாடகையையும் பற்றிய பேச்சு முடிந்தவுடன், ‘குழந்தைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள்? தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா?’ என்னும் வினா எழாமற் போவதில்லை. ஊரார் பேசும் மொழியும் வேண்டும். பிழைப்புக்குரிய மொழியும் வேண்டும். தாய்மொழியைக் கைவிடவும் மனம் வருவதில்லை. இந்தச் சங்கடம் நம் காலத்தில் புதிதாக முளைத்ததென்று பலர் எண்ணுகின்றனர். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே, துங்கபத்திரைக்குத் தெற்கேயுள்ள பெல்லாரிச் சீமையில், கன்னடமும் தெலுங்கும் வழங்கும் நிலத்தின் நடுவே, நான்கு தமிழ்ப் பள்ளிகள் நடைபெற்று வந்தன. அவற்றையும், அவற்றின் அண்டையில் பிற மொழிகளில் நடந்த பள்ளிகளையும் ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்செய்தி நமக்குக் கிடைத்த வகையை முதலிற் கூறவேண்டும். அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் சர் தாமஸ் மன்றோ. 1800-ஆம் ஆண்டில் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பைப் பகுதிகளை ஏழாண்டுக் காலம் கலெக்டராக இருந்து நிர்வகித்தவரும் இவரே. நிலத்தை அளந்தோம், விளைச்சலைக் கணக்கெடுத்தோம், மக்கள்தொகையையும் அறிய முயன்றோம். ஆனால் மக்களின் கல்வி எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருவரும் விசாரிக்கவில்லையே என்பது அவருடைய குறை. 1822-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் இதைக் குறித்து ஒரு குறிப்பு எழுதினார். அதன்மேல் மாகாணத்துக் கலெக்டர்கள் அனைவருக்கும் ஒரு படிவம் அனுப்பப்பெற்றது. உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர், அவர்கள் எந்த வகுப்பினர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று அந்தப் படிவம் கேட்டது.

கலெக்டர்களுட் பலர் கட்டங்களை நிரப்பி அனுப்பிவிட்டு ஓய்ந்தனர். பெல்லாரிக் கலெக்டராகிய காம்பெல் அவ்வாறு செய்யவில்லை. 1823-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் அவர் எழுதியனுப்பிய நீண்ட கடிதம், பள்ளிக்குள்ளே நுழைந்து பார்த்து எழுதியது போன்றது. அவர் வெறும் வரிவசூல் அதிகாரியல்லர். தெலுங்கு இலக்கணம் இயற்றியவர். 1816-இல் வெளிவந்த அந்நூலின் முகப்பிலேதான், எல்லிஸ் துரை எழுதிய ஆராய்ச்சிக் குறிப்பு அச்சேறியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிற் பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய ஒரே குடும்பத்து மொழிகள் என்று அச்சிற் காட்டிய முதல் எழுத்து அதுவே. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 40 ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகவே, மொழிகளின் வேறுபாடும் உறவும் அறிந்த ஒருவர் பெல்லாரியின் பள்ளிகளைப் பார்வையிட நேர்ந்தது நமது நல்லூழ்.

காம்பெல் ஆண்ட ஜில்லா இன்றைய மாவட்டத்தைவிட மிகப் பெரியது. கர்நாடகத்திலுள்ள இன்றைய பல்லாரி, விஜயநகர மாவட்டங்களின் பெரும்பகுதியும் ஆந்திரத்தின் அனந்தபூர்ப் பகுதியும் அதில் அடங்கியிருந்தன. அனந்தபூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1882-இல்தான். ஜில்லாவின் மக்கள்தொகை 9,27,857. பள்ளிகள் 533. அவற்றுள் கன்னடப் பள்ளிகள் 235, தெலுங்குப் பள்ளிகள் 226, மராத்திப் பள்ளிகள் 23, பாரசீகப் பள்ளிகள் 21, தமிழ்ப் பள்ளிகள் 4, ஆங்கிலப் பள்ளி ஒன்றே ஒன்று. இவையன்றி, அந்தணர் மட்டும் பயின்ற வடமொழிப் பாடசாலைகள் 23.

இந்தச் சிறு கணக்கைச் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். கன்னடமும் தெலுங்கும் மண்ணுக்குரிய மொழிகள். அவற்றின் பள்ளிகள் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இருந்ததில் வியப்பில்லை. பாரசீகம் ஐதராபாத், ஸ்ரீரங்கப்பட்டண அரசவைகளின் மொழி. அவ்வரசுகளின் ஆட்சி பெல்லாரியை விட்டு நீங்கி ஒரு தலைமுறை ஆகியும், மதிப்பு மறையவில்லை. மராத்தி கணக்குப்பிள்ளைகளின் மொழி. வருவாய்க் கணக்குகள் அப்பகுதியில் மராத்தியிலேயே எழுதப்பட்டு வந்தமையால், கச்சேரியில் வேலை வேண்டுபவன் அதைக் கற்றாக வேண்டும். ஆங்கிலத்துக்கு இன்னும் காலம் வரவில்லை. தமிழோ இவற்றுள் எந்த வகையிலும் சேராதது. அது அங்கே மண்ணின் மொழியும் அன்று, அரண்மனை மொழியும் அன்று, கச்சேரி மொழியும் அன்று. மனிதரோடு கூடவே நடந்து சென்ற மொழி அது. பெல்லாரி அந்நாளில் பெரிய இராணுவ நிலையம். சென்னைப் படையின் சிப்பாய்களும், அவர்களோடு சென்ற வணிகரும் கைவினைஞரும் ஏவலரும் குடும்பத்துடன் அங்கே தங்கினர். அந்த நான்கு பள்ளிகளும் இவர்களுடைய பிள்ளைகளுக்காகவே எழுந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து. அடுத்த தெருவில் தெலுங்குப் பள்ளி இருந்திருக்கும். உத்தியோகம் தரும் மராத்திப் பள்ளியும் எட்டாத தொலைவில் இராது. எனினும் தமிழ் வாத்தியார் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பெற்றோருக்கு மனம் இருந்தது.

இனிப் பள்ளிக்குள் நுழைவோம். பிள்ளைக்கு ஐந்து வயது ஆகும்போது அக்ஷராப்பியாசம். விநாயகரை வணங்கி, கையைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்பது நம் வீடுகளிலும் உள்ள வழக்கமே. பள்ளி காலை ஆறு மணிக்குத் தொடங்கும். முதலில் வந்த சிறுவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். அது அவனுக்குச் சிறப்பு. இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழி; புகழும் இல்லை, இகழும் இல்லை என்பது அதன் பொருள். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குப்பின் வருபவர்களுக்கு ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். பன்னிரண்டு பேர் படிக்கும் பள்ளியில் கடைசியாக வந்தவனுக்குப் பத்து அடி என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். குறும்பு செய்தவனைக் கயிற்றில் கைகளைக் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுவதும், ஓயாமல் உட்கார்ந்து எழும்படி செய்வதும் உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் முன்னதற்குக் கோதண்டம் என்றும் பின்னதற்குத் தோப்புக்கரணம் என்றும் பெயர். இந்தத் தண்டனைகளைப் பழம்பெருமையில் சேர்ப்பதற்கில்லை.

பயிற்சி முறையோ உண்மையிலேயே பாராட்டத்தக்கது. மாணவர் பொதுவாக நான்கு வகுப்பினராகப் பிரிக்கப்படுவர். கீழ் வகுப்பினருக்கு மேல் வகுப்பு மாணவனே பாடம் சொல்லுவான். அவனை நாம் சட்டாம்பிள்ளை என்போம். மேல் வகுப்பினரை வாத்தியார் தாமே கவனிப்பார். கூடவே எல்லா வகுப்புகளின்மீதும் அவர் கண் இருக்கும். முதலில் விரலால் மணலில் எழுத்து. அது கைவந்த பின் ஓலையும் எழுத்தாணியும். அல்லது பலகை, கடதம் என்னும் இரண்டில் ஒன்று. பலகை என்பது ஏறத்தாழ ஓரடி அகலமும் மூன்றடி நீளமும் உள்ள மரப்பலகை. அதை இழைத்து, சோற்றுப்பசையும் கரித்தூளும் பூசி உலர்த்துவார்கள். கடதம் துணியால் ஆனது. கஞ்சியில் நனைத்து விறைப்பாக்கிய துணியைப் புத்தகம்போல் மடித்து, அதன்மேல் கரியும் பிசினும் கலந்து பூசுவார்கள். இரண்டிலும் எழுதுவது பலப்பத்தால். ஈரத்துணியால் துடைத்தால் எழுத்து மறையும். பிறகு மீண்டும் எழுதலாம். காகிதச் செலவில்லை.

இச்சொற்களைக் கேட்கும்போதே தமிழர் காதுக்கு இவை அயலாகத் தோன்றா. நமது பலகையே கன்னடத்தில் ‘ஹலகெ’ ஆயிற்று. நமது பகரம் அம்மொழியில் ஹகரமாக மாறுவதைப் பால் ‘ஹாலு’ ஆவதிலும் காணலாம். பலப்பத்தைக் கன்னடர் ‘பளப’ என்பர். ‘கடத’ என்னும் சொல் கர்நாடக அரசாங்க அலுவலகங்களில் இன்று கோப்புக்குப் பெயராக வழங்குகிறது. பெங்களூரில் ஏதேனும் அலுவலகத்துக்கு அலைந்தவர்கள் தம் ‘கடத’ எந்த மேசையில் இருக்கிறதென்று விசாரித்திருப்பார்கள். அது ஒரு காலத்தில் பள்ளிச் சிறுவனின் கரித்துணி ஏடு.

கணக்கில் அவர்கள் காட்டிய ஆர்வம் பெரிது. கூட்டல், கழித்தல், பெருக்கல் வாய்பாடுகளோடு, முகத்தல், நிறுத்தல், நீட்டல் அளவைகளும் கற்பித்தார்கள். பின்னங்கள் பத்துப் பத்தாகக் குறையாமல் நான்கு நான்காகக் குறையும். ஒன்றில் காற்பங்கு கால், காலில் காற்பங்கு வீசம் என்று நம் எண்சுவடியில் வருவது போலத்தான். நாள்தோறும் இருமுறை பிள்ளைகள் வரிசையாக நின்று, சட்டாம்பிள்ளை சொல்ல, எல்லாவற்றையும் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். ஆள்பெயர், ஊர்ப்பெயர் எழுதுதல், கடிதம் படித்தல், எழுதுதல், ஒப்பந்தப் பத்திரம் வரைதல் ஆகியவை மேல் வகுப்பின் பாடங்கள்.

இந்தச் சட்டாம்பிள்ளை முறைக்கு வேறொரு கதையும் உண்டு. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்குழந்தைகளுக்காக நடந்த அநாதை விடுதியை 1789 முதல் மேற்பார்த்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். ஒரு நாள் காலையில் குதிரைமேற் செல்லும்போது, ‘மலபார்’ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அந்நாளைய ஆங்கிலேயர் சென்னையில் ‘மலபார்’ என்று எழுதியது பெரும்பாலும் தமிழைக் குறிக்கும். பெல் அந்த மணலைத் தம் விடுதிக்குக் கொண்டுவந்தார். பிறகு ஒரு மாணவனைக் கொண்டு மற்றொருவனைக் கற்பிக்கும் முறையையும் விரிவாக அமைத்து, தாயகம் திரும்பி 1797-இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்னும் பெயரால் இங்கிலாந்தில் பரவி, அங்குள்ள ஏழைப் பிள்ளைகள் ஏராளமானோர் படிக்க வழிசெய்தது. காம்பெலும் தம் கடிதத்தில், சிக்கனம் நிறைந்த இம்முறை இங்கிலாந்தார் பின்பற்றத் தக்கதாகவே இருந்தது என்று ஒப்புக்கொள்கிறார்.

புத்தகங்களில் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு இருந்தது. மொழியால் மட்டுமன்று, படிக்கும் பிள்ளைகளின் குலத்தாலும் நூல்கள் மாறின. இராமாயணம், பாரதம், பாகவதம் ஆகியவை ஒரு சாராருக்கு. இலிங்காயத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பசவபுராணமும் கிரிஜா கல்யாணமும். கைவினைஞர் பிள்ளைகளுக்கு விசுவகர்ம புராணம். பஞ்சதந்திரக் கதைகளும், ஆந்திரநாம சங்கிரகம், சப்தமணி தர்ப்பணம் போன்ற நிகண்டு, இலக்கண நூல்களும் உண்டு. ஆனால் இங்கேதான் காம்பெலின் குறையும் தொடங்குகிறது. நூல்களெல்லாம் செய்யுள், அச்செய்யுளின் மொழியோ பேசும் மொழியிலிருந்து வெகுதூரம் விலகியது. ஆசிரியருக்கே பல இடங்களில் பொருள் தெரியாது. மாணவன் கிளிப்பிள்ளை போல ஆயிரக்கணக்கான அடிகளை ஒப்பிப்பான். கருத்து மனத்திற் படாது. இதை வெள்ளைக்காரரின் இகழ்ச்சி என்று நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளியில் படித்த நம் முன்னோர் பலரும் இதையே சொல்லியிருக்கிறார்கள். மனப்பாடம் செய்தது பின்னாளில் பொருளோடு விளங்கியது என்று கூறியவர்களும் உண்டு. எல்லாருக்கும் அந்தப் பின்னாள் வாய்த்ததா என்பதே ஐயம்.

யார் படித்தார்கள்? மாணவர் தொகை 6,641. பள்ளிக்குப் பன்னிரண்டு பேர் என்று கொள்ளலாம். முஸ்லிம்கள் 243. மற்ற 6,398 பேர் இந்துக்கள். அவர்களுள் அந்தணச் சிறுவர் 1,185, வைசியர் 981, சூத்திரர் என்று குறிக்கப்பட்டவர் 2,998, ஏனைய சாதியார் 1,174. பழங்காலத்தில் கல்வி ஒரே வகுப்பாரின் கையில் இருந்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் கூற்று, தொடக்கக் கல்வியைப் பொறுத்தமட்டில் பெல்லாரியில் பொருந்தவில்லை. ஆயினும் இதைக் கொண்டு களிப்படைவதும் தவறு. ‘ஏனைய சாதியார்’ என்ற கட்டத்துக்குள் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு இல்லை. பெண்குழந்தைகள் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே 60 பேர்தாம்! அறுபதின்மரும் மேற்சொன்ன 6,398-இல் அடங்கியவர்கள்.

மாகாணம் முழுவதோடும் ஒப்பிட்டால் பெல்லாரி பின்தங்கியே இருந்தது. 1826-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் மன்றோ தொகுத்தெழுதிய கணக்கின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள், ஏறத்தாழ 1,88,000 மாணவர், மக்கள்தொகை 1,28,50,941. அதாவது ஆயிரம் மக்களுக்குப் பதினான்கு அல்லது பதினைந்து மாணவர். பெல்லாரியில் ஆயிரத்துக்கு ஏழு பேரே. வீட்டில் வைத்துக் கற்பிக்கப்பட்ட பிள்ளைகள் இக்கணக்கில் வரவில்லை. சென்னை நகரில் அத்தகையோர் பள்ளி மாணவரைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருப்பதாக வந்த கணக்கை மன்றோவே ஐயுற்றார். எனினும் வீட்டுக் கல்வியையும் சேர்த்தால், படிக்கும் வயதுள்ள ஆண்பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினர் என்பதைவிட மூன்றில் ஒரு பங்கினர் என்பதே உண்மைக்கு அருகில் இருக்கும் என்று மதிப்பிட்டார்.

பெல்லாரி ஏன் இப்படி இளைத்தது? காம்பெல் இக்கேள்விக்குச் சொன்ன விடையே அவருடைய கடிதத்தை நிலைக்கச் செய்தது. பள்ளிக்கூடச் சம்பளம் பெரிய தொகையன்று. மாணவன் ஒருவனுக்கு மாதம் கால் ரூபாய்; காகிதத்தில் எழுதவும் உயர்ந்த கணக்குப் போடவும் முன்னேறினால் அரை ரூபாய். அந்தக் கால் ரூபாய்தான் பலரிடம் இல்லை. ஐரோப்பியத் துணி வந்து இறங்கியதால் பருத்தி நெசவை நம்பியிருந்தவர்களின் வருமானம் சுருங்கியது. முன்பு சுதேசி மன்னரும் அவர்தம் அதிகாரிகளும் ஊருக்குள்ளேயே செலவிட்ட பொருள், இப்போது சிலரான ஐரோப்பியர் கைக்கு மாறி நாளும் நாட்டைவிட்டு வெளியேறியது. படைகள் தொலைவிலுள்ள எல்லைகளுக்கு மாற்றப்பட்டதால், தானியத்துக்கு இருந்த கிராக்கியும் குறைந்தது. நடுத்தரத்தாரும் ஏழைகளும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் செலவைத் தாங்க முடியவில்லை. பிஞ்சுக் கை கால் வேலை செய்யத் தொடங்கியவுடனேயே குழந்தையின் உழைப்பும் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது. முன்பு பள்ளிகள் இருந்த பல ஊர்களில் இப்போது ஒன்றும் இல்லை. பெரிய பள்ளிகள் இருந்த இடங்களில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் சிலரே படிக்கின்றனர். இந்து மன்னர் காலத்தில் பணமும் நிலமும் கல்விக்கு மிகுதியாக வழங்கப்பட்டன; இந்த 533 பள்ளிகளில் ஒன்றுகூட இன்று அரசாங்கத்திடமிருந்து உதவி பெறவில்லை என்று சொல்ல வெட்கப்படுவதாகவும் அவர் எழுதினார். கம்பெனியின் உத்தியோகஸ்தர் ஒருவர் கம்பெனிக்கே இவ்வாறு எழுதியது சிறிய துணிவன்று.

மன்றோ இதைக் காதில் வாங்காமல் விடவில்லை. ஒவ்வொரு கலெக்டர் எல்லையிலும் இரண்டு உயர்பள்ளிகள், தாசில் ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளி என்று திட்டம் வகுத்தார். ஆனால் 1827-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், தாம் பழகிய அதே சீமையில் சுற்றுப்பயணம் செய்கையில், பட்டிகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதி கண்டு இறந்தார். தாசில் பள்ளிகள் சில தோன்றின; சம்பளமும் மேற்பார்வையும் போதாமல் மெலிந்தன; 1836-இல் கைவிடப்பட்டன. அதற்குள் அரசாங்கத்தின் நோக்கம் ஆங்கிலக் கல்வியின் பக்கம் திரும்பிவிட்டது.

நூறாண்டு கழித்து இக்கணக்குகள் எதிர்பாராத இடத்தில் மீண்டும் பேசப்பட்டன. 1931 அக்டோபர் 20-ஆம் நாள் இலண்டனில் ஒரு கூட்டத்தில் பேசிய காந்தியடிகள், ஐம்பது அல்லது நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இந்தியாவில் இன்று எழுத்தறியாமை மிகுந்துவிட்டது என்றும், கல்வியாகிய அழகிய மரத்தின் வேரைத் தோண்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டதால் மரம் பட்டுப்போயிற்று என்றும் கூறினார். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த சர் பிலிப் ஹார்ட்டாக் உடனே ஆதாரம் கேட்டார். அவ்விருவருக்குமிடையே கடிதப் போக்குவரத்து சில ஆண்டுகள் நீடித்தது. முடிவு காணவில்லை. பின்னர்க் காந்தியவாதியான தரம்பால், சென்னைக் கலெக்டர்கள் அனுப்பிய அறிக்கைகளை ஆவணக் காப்பகத்திலிருந்து தேடி எடுத்து, ‘அழகிய மரம்’ என்னும் பெயரிலேயே 1983-இல் நூலாக வெளியிட்டார். காம்பெலின் கடிதம் முழுமையாக அதில் இருக்கிறது. அறிஞர்கள் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். பள்ளிகள் இருந்தன என்பதை மறுப்பாரில்லை. அவற்றின் தரம் எத்தகையது, எவரெவர் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதிலேயே வழக்கு. பெல்லாரிக் கடிதத்தை முழுவதும் படிப்பவர், இரு தரப்பாருக்கும் வேண்டிய சான்று அதில் கிடப்பதைக் காண்பார்.

பெல்லாரி மாவட்டத்தின் பெரும்பகுதி 1953 அக்டோபர் முதல் நாள் சென்னையிலிருந்து பிரிந்து மைசூருடன் சேர்ந்தது. கச்சேரிகளிலிருந்து மராத்தியும் பாரசீகமும் அதற்கு முன்பே மறைந்தன. ஒரே பள்ளியில் முடங்கியிருந்த ஆங்கிலம் இன்று தெருத்தோறும் கேட்கிறது. காம்பெலின் கடிதத்தில் மொழிவாரிக் கணக்கு ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. சிறிய எண்ணில் தொடங்கிப் பெரிய எண்ணுக்கு ஏறும் அவ்வாக்கியத்தில், ஆங்கிலப் பள்ளி ஒன்று என்று சொல்லி முடித்தவுடன், அடுத்த சொல்லாக வருகிறது தமிழ், நான்கு.